முழங்காலுக்கும் பாடம் நடத்துவோம்



ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே சந்திப்புக்கு வந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் மாடியிலுள்ள விலங்கியல் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கக் கிளம்பினீர்கள். "நீ கீழயே இருடி, நாங்க பார்த்துட்டு வந்துடறோம்" என்று அன்பாகத்தான் சொன்னீர்கள். படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து உங்கள் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது 53.

மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நானே ஒரு வைத்தியம் வகுத்துக்கொண்டேன். நடக்காதே, படி ஏறாதே, தேய்ந்தது மேலும் தேயும்! வலி குறைந்ததா? இல்லை. எடைதான் கூடியது. நாற்காலியை விட்டு எழக் கை ஊன்ற வேண்டியதாயிற்று. என் அம்மாவும் இப்படித்தான் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கடைசியில் கட்டிலோடு முடங்கினார். அந்தப் பயம்தான் என்னைப் பிசியோதெரபிஸ்டிடம் கொண்டு போனது.

என் மகள் வயதுப் பெண் அவர். டேப்பால் தொடையை அளந்து பார்த்துவிட்டு, "டீச்சர், முட்டி தேஞ்சது பாதி, தொடை மெலிஞ்சது பாதி" என்றார். முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து காலை ஓய்வில் வைத்தால் அந்தத் தசை இளைக்கும். பாரம் முழுவதும் மூட்டின் மேல் விழும்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது என்று 28 ஆண்டுகள் வகுப்பில் சொன்னவள் நான். மூட்டு அசைந்து, அழுந்தி, விடுபடும்போதுதான் அது பஞ்சுபோல மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. பிள்ளைகளுக்குச் சொன்னேன், என் முழங்காலுக்குச் சொல்ல மறந்தேன்!

எனக்குக் கற்றுத் தந்தவை எளியவை. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி 5 விநாடி நிறுத்துவது. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டியபடி ஓரடி உயர்த்துவது. சுவரோரம் போட்ட உயரமான நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றும் 10 முறை. பிறகு சமதரையில் நடை. முதல் வாரம் 10 நிமிடம்தான். லேசான வலி வரும், பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சிவந்தாலோ, பூட்டிக்கொண்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மூட்டுத் தேய்மானம் உள்ள, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 439 பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். நடை அல்லது தசைப் பயிற்சி செய்தவர்களுக்கு, உடல்நல வகுப்பு மட்டும் கேட்டவர்களைவிட வலி குறைந்தது. மாயமில்லை, ஓரளவுதான். ஆனால் அந்த ஓரளவுதான் ஒரு மாடிப்படி!

எனக்குத் தேய்ந்தது வளரவில்லை. குளிர்நாளில் இன்றும் வலிக்கும். ஆனால் இன்று காலை, கூட்டம் தொடங்குமுன், தனியாக மாடி ஏறி நம் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதே ஃபார்மலின் வாசனை!

தேநீர் வேளையில் மறுபடியும் ஏறப் போகிறேன். கீழே உட்கார நினைக்கும் தோழியரே, கைப்பிடி இருக்கு, பக்கத்துல நானும் இருக்கேன். மெதுவா ஏறலாம், வாங்க.