கானவாரணத்தின் புள்ளிகள்



முத்துக்குளித்துறையில் நின்று மலைக்காட்டுக் கோழியைப் பற்றிப் பேசலாமா என்று நண்பர் ஒருவர் வினவினார். புன்னைக்காயலில் நம் கடலோடு கலக்கும் பொருநை, அக்கோழி கூவும் பொதிய மலையிலிருந்தன்றோ இறங்கி வருகிறது!

நற்றிணையின் 21ஆம் பாடல் கானவாரணத்திற்கு நுண்ணிய பல புள்ளிகள் உண்டு என்கிறது. 'காட்டுக்கோழி' என்று பொருள் சொல்லிவிட்டுப் பல்லாண்டுகள் அப்புள்ளிகளைக் கடந்து சென்றவள் நான். மாணவியர் மனத்தில் ஊர்ச்சேவலின் சிவப்பே நின்றது.

அது பிழை. ஊர்க்கோழியின் முதன்மையான முன்னோராகிய சிவப்புக் காட்டுக்கோழி, இந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள காடுகளுக்குரியது. அதன் கழுத்தில் புள்ளி இல்லை. நம் மலைகளில் வாழ்வது சாம்பல்நிறக் காட்டுக்கோழி. அச்சேவலின் கழுத்திறகுகளில் நடுத்தண்டு ஆங்காங்கே அகன்று, மெழுகுத் துளி உறைந்தாற்போல வெண்மையும் பொன்மையுமான சிறு தகடாகிறது. புலவர் கண்டது இதனையே என்று துணிகிறேன். இரு கோழிகளுக்கும் உறவு அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஊர்க்கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு இச்சாம்பற்கோழியின் வழி வந்தது என்று 2008இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

அழகிய அப்புள்ளிகளே அதற்குப் பகையாயின. நம் கடற்கரை மக்கள் கேட்டால் வியப்பர்: ஐரோப்பிய ஆறுகளில் சால்மன் மீனை ஏய்க்கத் தூண்டில் முள்ளில் பூச்சிபோல் கட்டுவதற்கு இவ்விறகை விரும்பினர். அதற்காகவே சேவல்கள் கொல்லப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைக்கும் காவலாயிற்று.

பேடையோ பழுப்பு நிறத்தது. தரையில் சருகிடையே சிறு குழி பறித்து, நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இட்டுத் தானே அடைகாக்கும். மூங்கில் பூத்து நெல் உதிரும் காலத்தில் இவை அங்குத் திரளாகக் கூடும்.

ஓர் ஆடித் திங்களில் மாணவியரை முண்டந்துறைக்கு அழைத்துச் சென்றேன். விடியலில் கரகரத்த கூவல் கேட்டது. ஊர்ச்சேவலின் நீண்ட கூவலன்று, வெட்டி வெட்டி ஒலித்து முடிந்தது. சற்று நேரத்தில் சேவலே பாதையைக் கடந்தது. கழுத்து வெறும் கருமை! "அம்மா, புள்ளி எங்கே?" என்றாள் ஒருத்தி. எனக்கு நாணமாயிற்று. இனப்பெருக்கம் முடிந்தபின் சேவல் அவ்விறகுகளை உதிர்த்துச் சில மாதம் குட்டையான கரிய இறகோடு திரியும் என்பதை வனக்காவலர் ஒருவர்தாம் விளக்கினார்.

மாசியில் மறுபடியும் சென்றோம். புள்ளிகள் இருந்தன.