வாங்குந்திறனும் ஆளுந்திறனும்



கடை நிறையப் பண்டம் இருக்க, அதனை வாங்க மக்கள் கையில் பணம் இல்லாமற் போவது ஏன்? இவ்வினாவை எழுப்பியவர் பொருளியற் புலவர் அல்லர். மேசர் தக்ளசு என்னும் பிரித்தானியப் பொறியாளர். முதல் உலகப் போரின்போது பார்ன்பரோ வானூர்தித் தொழிற்சாலைக் கணக்கை ஆய்ந்த அவர், கிழமைதோறும் ஏறும் ஆக்கச்செலவு, கூலியாகவும் சம்பளமாகவும் ஈவாகவும் மக்களைச் சேரும் தொகையினும் மிகுந்திருக்கக் கண்டார். கூலி முதலியன ஒரு பங்கு. கருவிக்கும் கரிக்கும் வட்டிக்குமாகப் பிற நிறுவனங்களுக்குச் செல்வது மறு பங்கு. விலையிலோ இரண்டும் அடங்கும். முதற்பங்கை மட்டுமே பெற்றவர் இரண்டின் கூட்டுத்தொகையை எங்ஙனம் கொடுப்பர்? குறைந்த பணத்தை அரசே ஆக்கி, 'நாட்டு ஈவு' என எல்லார்க்கும் வழங்குக என்றார். இதுவே குமுகாயக் கடன் கொள்கை.

இக்கணக்கில் ஓட்டை உண்டு. கருவிக்கென்று கொடுத்த பணமும் அதைச் செய்தவர் கூலியாக எங்கோ ஒரு கையைச் சேர்ந்ததே. ஆயினும் நோயைக் கண்டவர் அவர். வட்டிமேல் கொண்ட சினத்தை யூத இனத்தார்மேல் திருப்பியதுதான் அவர் தேடிக்கொண்ட இழுக்கு.

கொள்கை அரசேறியது கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்தில். கோதுமை விலை வீழ்ந்து உழவர் கடனில் மூழ்கிய காலம் அது. கால்கரி நகரப் பள்ளித் தலைமையாசிரியர் ஏபர்ஆர்ட்டு, வானொலியில் விவிலியம் விளக்கி வந்தவர், 1932 முதல் இதனையும் சேர்த்து முழங்கினார். அகவை வந்தோர் ஒவ்வொருவர்க்கும் திங்கள்தோறும் 25 தாலர்! 1935 ஆகத்து 22-இல் நடந்த தேர்தலில் 63 இடங்களில் 56 அவர் கட்சிக்கு. ஆண்டுகொண்டிருந்த உழவர் கட்சிக்கு ஓரிடமும் இல்லை.

25 தாலர் வந்ததா? வரவில்லை. பணம் ஆக்கும் உரிமையும் வைப்பகங்களை ஆளும் உரிமையும் ஒட்டாவா நடுவணரசின் கையில் அல்லவா இருந்தன! 1936-இல் 'செழிப்புச் சீட்டு' வெளியிட்டார். கிழமைக்கொரு வில்லை வாங்கி ஒட்டினால்தான் அது செல்லும். வணிகர் பலர் ஏற்க மறுத்தனர். 1937-இல் வைப்பகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தார். நடுவணரசு தள்ளுபடி செய்தது. மீண்டும் இயற்றினார், துணைநிலை ஆளுநர் ஒப்பமிடாது நிறுத்தினார். 1938-இல் உச்சநயன்மன்றம் அவை செல்லா என்றது. அவற்றுள் செய்தித்தாள்களின் வாயைக் கட்டும் சட்டமும் ஒன்று; அது வீழ்ந்தது நன்றே.

1943-இல் ஏபர்ஆர்ட்டு மறைந்தார். கட்சியோ 1971 வரை ஆண்டது. 1947-இல் இலெடக்கில் எண்ணெய் பீறிட்டது. 1957-இல் அவ்வருவாயிலிருந்து அகவை வந்த குடிமக்களுக்கு ஆளுக்கு 20 தாலர் ஈவாகக் கிடைத்தது. ஏனெனில், பணம் ஒட்டாவாவின் கையில் இருந்தபோதும், நிலத்தடி வளத்தின் உரிமை 1930-லேயே அம்மாநிலத்தின் கைக்கு வந்திருந்தது.