எழுதப்படாத ஒரு நூலும் இரு வகுப்புத் தோழர்களும்



கல்லூரித் தோழமை பெரும்பாலும் படிப்பு முடிந்த ஆண்டோடு மெலிந்துவிடுகிறது. பின்னர் வரும் செய்திகள் திருமண அழைப்பு, பணிமாற்றம், ஓய்வு, கடைசியில் ஒரு கருமாதிப் பத்திரிகை எனச் சுருங்கிவிடும். முதுமையில் சந்திக்கும் தோழர்கள் பழங்கதை பேசி மகிழ்வதுண்டு. சேர்ந்து புதிதாக ஒன்றைச் செய்ய எண்ணுவோர் அரியர். அவ்வாறு எண்ணிய இருவர் திருச்சிராப்பள்ளியில் பயின்றவர்கள்.

1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883இல் மலைக்கோட்டையின் நிழலுக்கு வந்து சேர்ந்தது தூய வளனார் கல்லூரி. 1954இல் அங்கே இயற்பியல் பட்டப்படிப்பை முடித்தவர்களுள் ஒருவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். மற்றொருவர் திருவரங்கத்து எஸ். ரங்கராஜன், பின்னாளில் சுஜாதா. கலாம் பிறந்தது 1931இல், ரங்கராஜன் 1935இல். கலாம் விடுதி மாணவர். தம் அறையில் உடனிருந்தவர்கள் ஆசாரமான திருவரங்கத்து ஐயங்கார் ஒருவரும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவரும் என்று அவர் தம் வரலாற்றில் குறிக்கிறார். அந்த ஐயங்காரைச் சுஜாதா என்று மயங்குதல் வேண்டா. ரங்கராஜன் கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்து, காவிரியைக் கடந்து வந்து படித்தவர்.

பின்னர் இருவரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தனர். ஒருவர் வானூர்தித் துறை, மற்றவர் மின்னணுவியல். ஆயினும் தமிழ் இருவரையும் விடவில்லை. ரங்கராஜனின் முதல் சிறுகதை 1953இலேயே திருலோக சீதாராமின் ‘சிவாஜி’ இதழில் அச்சேறிவிட்டது. கலாமோ எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நமது விமானத்தை நாமே செய்வோம் என்னும் பொருளில் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதற்பரிசு பெற்றார். ராக்கெட் செய்யப் பிறந்தவர் முதலில் வென்றது தமிழ் உரைநடையில் என்பது கவிஞர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

அதன்பின் பாதைகள் பிரிந்தன. கலாம் தும்பாவுக்கும் பின்னர் ஐதராபாத்துக்கும் சென்றார். சுஜாதா தில்லி வழியாகப் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்து, வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஆக்கத்தில் பெரும்பங்கு கொண்டார். (2002இல் கலாமைக் குடியரசுத் தலைவராக்கிய வாக்குகள் மட்டும் தாளிலேயே இடப்பட்டன, அத்தேர்தலில் தோழரின் இயந்திரத்துக்கு வேலையில்லை.) திருவரங்கத்து இளமைத் தோழர்களோடு சுஜாதா கொண்ட உறவுக்கு ‘ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்’ சான்று, ரங்கு கடைத் திண்ணை அங்கே என்றும் கலையாத சபை. கலாமோடு கொண்ட உறவோ வேறு வகையினது. அதன் பேச்சு கடந்த காலத்தைப் பற்றியதன்று, ஒரு வேலையைப் பற்றியது.

திப்பு சுல்தான் காலத்து ராக்கெட் நுட்பத்தை ஆராய்ந்து, இருவரும் சேர்ந்து ஒரு நூல் எழுதுவது என்பதே அவ்வேலை. கலாமுக்கு இதில் பழைய கனல் உண்டு. 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது, வாலப்ஸ் தீவின் ஏவுதள வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் கண்டார்: ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களம், ஏவுவோர் கருநிற வீரர்கள், திப்புவின் படை. சொந்த நாடு மறந்ததை அயல்நாடு சுவரில் மாட்டி வைத்திருந்தது. இரும்புக் குழலில் மருந்தடைத்த அக்கருவிகள், 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயர் தோற்ற போரில் பறந்தவை. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இங்கிலாந்து சென்று, காங்கிரீவின் ராக்கெட்டுக்கு முன்மாதிரியாயின.

சுஜாதாவுக்கோ இது அயலான பொருளன்று. காவிரியின் ஆதியரங்கம் சீரங்கப்பட்டணம். அந்திய அரங்கம் அவர் வளர்ந்த ஊர். திப்புவின் கோட்டைக்குள்ளேயே அரங்கநாதர் கோயில் கொண்டிருக்கிறார். 1857 கிளர்ச்சியைக் களமாக்கி ‘ரத்தம் ஒரே நிறம்’ எழுதியவர், ஆங்கிலேயர் காலப் படைகளை அறிந்தவர், மின்னணுவியலையும் எளிய தமிழில் சொல்ல வல்லவர். ஏவுகணை செய்தவரின் அறிவும் கதை சொன்னவரின் நடையும் ஒரே நூலில் கூடியிருந்தால், தமிழ் அறிவியல் உரைநடைக்கு அதுபோல் வேறொன்று வாய்த்திராது. கலாமின் தன்வரலாறே 1999இல் அருண் திவாரியின் துணையோடு ஆங்கிலத்தில் வந்து, பின்பே ‘அக்னிச் சிறகுகள்’ எனத் தமிழாயிற்று. தேவனிடம் பரிசு பெற்ற கைக்கு இது சற்றுக் குறைதான்.

நூல் எழுதப்படவில்லை. பகையோ மனத்தாங்கலோ தடுத்ததில்லை. ஒருவர் ராஷ்டிரபதி பவனில் ஐந்தாண்டு இருந்தார். மற்றவரை வாரப் பத்திரிகையும் திரைப்படமும் விடவில்லை, இறுதிக் காலத்தில் உடல்நிலையும் இடங்கொடுக்கவில்லை. ஓய்வு வந்தபின் செய்வதென்று தோழர்கள் ஒத்திவைக்கும் காரியங்கள் எல்லாம் இப்படித்தான் நழுவுகின்றன. கலாம் பதவிக்காலம் முடிந்தது 2007 சூலையில். 2008 பிப்ரவரி 27இல் சுஜாதா மறைந்தார். இடையில் கிடைத்தவை ஏழு மாதங்கள். 2015 சூலை 27இல் ஷில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே கலாமும் சாய்ந்தார்.

2018 சூலையில், கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில், பாழ்பட்ட ஒரு கிணற்றைத் தோண்டியபோது திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்குமேல் வெளிப்பட்டன. துருவேறிய குழல்களில் மருந்தின் எச்சமும் இருந்தது. அச்செய்தியைக் கேட்டவுடன் ஒருவரையொருவர் அழைத்திருக்கக் கூடிய இருவரும் அப்போது இல்லை.