பழுதுபட்ட மரச் சாமான்களுக்கு ஒட்டுப் போடுதல்



பழைய மேசையையும் அலமாரியையும் பழுது பார்ப்பது பற்றி இன்று பேசப்போகிறேன். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவும் முதலில் கழித்துப்போட்டது மரச் சாமான்களைத்தான். தாத்தா காலத்து மேசையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருக்கும். அலமாரிக் கதவு கீலோடு பிய்ந்து தொங்கும். "இது எதற்கு, புது வீட்டுக்குப் புதுச் சாமான் வாங்குவோம்" என்று தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வந்து சேர்வது பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. அதன் விளிம்பில் தண்ணீர் இறங்கினால் ரொட்டி போல ஊதிவிடும். ஊதியதை எந்த ஆசாரியாலும் பழையபடி ஆக்க முடியாது. தவணை முடியுமுன் அலமாரி முடிந்துபோன வீடுகளும் உண்டு. கெட்டி மரத்தில் செய்த பழைய சாமான் அப்படியல்ல. கெட்ட இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு நல்ல துண்டைப் பதித்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

எந்த மரம் என்று முதலில் பாருங்கள். செங்கால் என்றால் கனமும் கடினமும் தூக்கும்போதே தெரியும். மெராந்தி சற்றுச் சிவந்து இலேசாக இருக்கும். வெளிறிய மஞ்சள் நிறத்தில், குறுகிய பலகைகளை ஒட்டிச் சேர்த்துச் செய்திருந்தால் அது பெரும்பாலும் நம்முடைய ரப்பர் மரந்தான். 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் ரப்பர் மரத்துக்குப் பாலுக்காக மட்டுமே மதிப்பு. இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்த்துப் புகைக்கூண்டு அடுப்பிலும் செங்கல் சூளையிலும் எரித்தோம். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம்; அறுத்துப் போட்டால் உடனே பூசணமும் பொடிவண்டும் பிடிக்கும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றி, சூளையில் வைத்து உலர்த்தும் முறை வந்தபிறகுதான் அது சாமான் செய்யும் மரமாயிற்று. கெப்போங்கிலுள்ள வன ஆய்வு நிலையத்தாரின் உழைப்பும் இதில் உண்டு. இன்று ஜொகூர் மாநிலத்து மூவார் பட்டறைகளிலிருந்து கப்பலேறும் நாற்காலிகளில் பெரும்பகுதி ரப்பர் மரந்தான். நம் பாட்டிமார் விடியற்காலையில் கோட்டுக் கத்தியால் கீறிய மரம் இப்போது வெளிநாட்டான் வீட்டில் விருந்து மேசையாக நிற்கிறது! அது இருக்கட்டும்.

தச்சு வேலை தெரிந்தவர்கள் வைத்திருக்கும் ரௌட்டர் என்ற மின்கருவியைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நிமிர்ந்து நிற்கும் ஒரு மோட்டார். இரண்டு பக்கமும் கைப்பிடி. அடியில் தட்டையான பாதம். பாதத்தின் நடுத் துளை வழியே பிட் என்கிற வெட்டலகு நீட்டிக்கொண்டிருக்கும். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் சுற்று வரை சுற்றும். உளியும் கொட்டாப்புளியும் கொண்டு பள்ளம் பறித்தால் அடிப்பக்கம் மேடு பள்ளமாக வரும். ரௌட்டரோ எத்தனை மில்லிமீட்டர் என்று வைக்கிறோமோ அத்தனை ஆழத்துக்குச் சமதளமாகச் சுரண்டிக்கொண்டு போகும். ஒட்டு வேலைக்கு இந்தச் சமதளந்தான் உயிர். ஒட்டுத் துண்டு முழுதும் அடியில் படிந்தால்தான் பசை பிடிக்கும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொண்டாலும் போதும். வீட்டுக்கு ஒன்று தேவையில்லை.

மேசையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுத் துண்டுக்குக் கடைக்குப் போகவேண்டாம். அதே மேசையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத குறுக்குச் சட்டம் இருந்தால் அதிலிருந்து ஒரு துண்டு அறுத்துக்கொண்டு, அவ்விடத்தில் வேறு மரத்தை வைத்துவிடலாம். ஒரே மரம், ஒரே வயது, ஒரே நிறம். உலர்ந்தும் இருக்கும். பச்சை மரத்தை ஒட்டினால் பின்னால் சுருங்கி ஓரமெல்லாம் இடைவெளி விடும்.

துண்டைச் சதுரமாக அறுக்காதீர்கள். மரத்தின் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடு விழுந்தால் எத்தனை நிறம் பூசினாலும் கண்ணில் உறுத்தும். நாரின் போக்கிலேயே நீண்டு, இருமுனையும் கூர்மையாகி வரும் படகு வடிவமே நல்லது. சாய்ந்த ஓரம் மரத்தின் ரேகைகளோடு கலந்து மறைந்துவிடும். பசையும் நன்றாகப் பிடிக்கும். கனம் 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். பக்கங்களை இழைப்புளியால் மிகச் சிறிதளவு சாய்த்து, அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஒரு மயிரிழை சிறுத்திருக்கும்படி செய்யுங்கள். ஆப்பு இறங்குவது போல இறுகும்.

துண்டின் நாரும் மேசையின் நாரும் ஒரே திசையில் ஓடும்படி, அதைக் கருகிய இடத்தின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு கூர்மையான கத்தியால் சுற்றிலும் கீறுங்கள். பென்சில் கோட்டுக்குத் தடிப்பு உண்டு. கத்திக் கீறலுக்கு இல்லை.

இனி ரௌட்டர். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே பிட்டில் கை வைக்கவேண்டும். விசையை நிறுத்தியிருக்கிறேன் என்பது போதாது. பிட்டின் தண்டை உள்ளே முழுக்க இடித்து, பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து இறுக்கவேண்டும். அடியில் முட்டியபடி இறுக்கினால் பிடி சரியாக விழாது, ஓடும்போது நழுவும். பழைய சாமானில் ஆணி புதைந்திருக்கலாம். ஒரு காந்தத்தை நூலில் கட்டி மேசையின்மேல் மெதுவாக இழுத்தால் ஆணி இருக்குமிடத்தில் நிற்கும். அந்த ஆணியை எடுக்காமல் தொடங்கினால் உடைந்த பிட்டின் துண்டு எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, காதுக்கு அடைப்பு மூன்றும் வேண்டும். தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி ஆகாது. பிள்ளைகள் அருகே நிற்கக்கூடாது. முன்னாளைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு. பழைய பூச்சுள்ள சாமானை ரௌட்டரால் தொட்டால் அந்தத் தூள் வீடெங்கும் படியும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டுக் காரியமல்ல. அத்தகைய சாமானை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவதே என் யோசனை.

மேசைப் பலகையை அசையாமல் கிளாம்பு போட்டு நிறுத்துங்கள். முதல் சுற்றில் 3 மில்லிமீட்டர் ஆழம் போதும். இரண்டாம் சுற்றில் இன்னொரு 3, கடைசியில் 1, ஆக மொத்தம் 7. ஒரே மூச்சில் ஆழமாக இறக்கினால் கருவி கையை உதறும், மரமும் கருகும். இரண்டு கையாலும் பிடித்து, பள்ளத்தின் உட்சுவரை ஒட்டி வரும்போது கடிகார முள் சுற்றும் திசையிலேயே நகர்த்துங்கள். மேசையின் வெளி விளிம்பைச் செதுக்குவதானால் அதற்கு நேர்மாறான திசை. இதைத் தவறவிட்டால் பிட் மரத்தில் ஏறி ஓடப் பார்க்கும். கருவியை அடக்க முடியாது. கீறிய கோடு வரை போகாதீர்கள். ஒன்றரை மில்லிமீட்டர் இப்பாலேயே நின்றுவிடுங்கள். வேலை முடிந்து விசையை நிறுத்தினாலும் பிட் நிற்கும்வரை கருவியைக் கீழே வைக்கவேண்டாம்.

மிஞ்சிய அந்த ஒன்றரை மில்லிமீட்டரை உளியால் நீக்கவேண்டும். உளியின் முனையைக் கத்திக் கீறலில் நிறுத்தி நேராக அழுத்தினால் ஓரம் கண்ணாடி போல வரும். இயந்திரம் இருக்க உளி எதற்கு என்று கேட்கும் தம்பிமார்கள் இருக்கிறார்கள். வட்டமாய்ச் சுற்றும் பிட்டால் கூரிய முனையை எப்படி வெட்ட முடியும்? படகின் இரண்டு முனையும் உளியின் வேலைதான். நல்ல ஆசாரியிடம் ஒரு வாரம் கூடமாட நின்றால் கைக்குப் பழகிவிடும்.

பள்ளத்தின் அடியிலும் சுவரிலும், துண்டின் பக்கங்களிலும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, துண்டை வைத்து, மேலே ஒரு மரக்கட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்குங்கள். பிதுங்கும் பசையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் கிளாம்பு போட்டு மறுநாள்வரை விடுங்கள். துண்டு 1 மில்லிமீட்டர் மேலே துருத்திக்கொண்டிருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும். இழைப்புளியால் இழைத்து, உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்திவிடலாம். பள்ளமாகப் போயிருந்தால்தான் வம்பு.

அலமாரிக் கீலுக்கும் இதே வழிதான். திருகாணித் துளை அகன்றுவிட்டால் நம்மவர்கள் தீக்குச்சியைத் திணித்துத் திருகாணி போடுவார்கள். சின்னப் பெட்டிக்கு அது தாங்கும். சேலையும் கம்பளியும் தொங்கும் அலமாரிக் கதவுக்குத் தாங்காது. உருண்டைக் குச்சியைப் பசை போட்டு அடிப்பவர்களும் உண்டு. அதில் திருகாணி நாரின் குறுக்கே போகாமல் நாரின் முனையில் இறங்குவதால் பிடி குறைவு. கீல் இருந்த இடம் முழுவதையும் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துவிட்டு, கதவுச் சட்டத்தின் நார் ஓடும் திசையிலேயே கடின மரத் துண்டைப் பதித்து ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் கீல் தகட்டின் கனத்துக்கு மட்டும் பள்ளம் எடுத்து, சிறு துளையிட்டு, திருகாணியில் சவர்க்காரம் தடவி முறுக்குங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சாமானின் கீழே மாவு போலத் தூள் கொட்டியிருந்து, மரத்தில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் பொடிவண்டு உள்ளே இருக்கிறது. மண் குழாய் கண்டால் கரையான். அது தரையிலிருந்து ஏறுகிறது. அதைத் தீர்க்காமல் ஒட்டுப் போடுவது வீண் வேலை. வண்டு தின்ற பகுதியைச் சுத்தமான மரம் தெரியும்வரை எடுத்துவிட்டு, வார்னிஷ் இல்லாத வெறும் மரத்தில் போரான் மருந்தைப் பூசி உலரவிடுங்கள். வார்னிஷின்மேல் பூசினால் உள்ளே இறங்காது.

கடைசியில் நிறம். ஒட்டை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வார்னிஷ் ஏறியபின் எப்படித் தெரியும் என்பது அப்போதே தெரிந்துவிடும். வெளிறியிருந்தால் கெட்டியான வெறுந்தேநீரை இரண்டு மூன்று தடவை பூசினால் இலேசான பழுப்பு ஏறும். அதை வேறொரு துண்டில் சோதித்த பிறகு மேசையில் பூசுங்கள். நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷை மெல்லியதாக இரண்டு முறை, இடையில் உப்புத்தாள் போட்டு, காற்றோட்டமான இடத்தில் பூசி, மழையில்லாத நாளாகப் பார்த்து உலரவையுங்கள்.