ஒரு நட்சத்திரக் குறியும் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களும்
(பட்டாபிராமில் ஆசிரியர்கள் கூடிய ஒரு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்காவே திறந்துவிட்டார்கள். அந்த ஊரில் பாடம் நடத்தும் நான், இரண்டே இரண்டு கோப்புகளை நகலெடுக்கத் தெரியாமல் விழித்த கதையைச் சொல்லப் போகிறேன்.

விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதில் பழகியதிலிருந்து கட்டளை வரியில் வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். அன்று என் பென் டிரைவில் '9அ', '9ஆ' என்று இரண்டு மதிப்பெண் கோப்புகள் இருந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்ற, 'சிபி' என்ற நகல் கட்டளையை அடித்து, 9 போட்டு, அதன்பின் நட்சத்திரக் குறி போட்டேன். எங்கே நகலெடுக்க வேண்டும் என்று இன்னும் எழுதவில்லை. அதற்குள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். எழுந்தபடியே என்டரைத் தட்டிவிட்டேன்.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்பேன்! நட்சத்திரக் குறியைப் பார்த்ததும் கணினி, 9 என்று தொடங்கும் பெயர்களை வரிசையாக நிரப்பிவிடும். ஆக, கட்டளைக்குக் கிடைத்தது இரண்டு பெயர்கள். முதல் பெயரை மூலமாகவும், கடைசிப் பெயரை இலக்காகவும் எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். '9ஆ'வைத் திறந்தேன். உள்ளே '9அ' பிள்ளைகளின் பெயர்கள். மூன்று கோப்புகள் இருந்திருந்தால், கடைசியில் இருப்பது கோப்புறை இல்லையே என்று கட்டளை மறுத்திருக்கும். என் நேரம், சரியாக இரண்டு.

குப்பைத்தொட்டியில் தேடினேன். மேலெழுதப்பட்ட கோப்பு அங்கே போகாது. அந்த நேரத்தில் ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன்: பென் டிரைவில் வேறு எதையும் சேமிக்காமல் கழற்றி வைத்தேன். ஒரு கோப்பு போய்விட்டது என்றால், பெரும்பாலும் அது இருந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அங்கே புதிதாக எழுதும்வரை பழைய எழுத்து இருக்கும். கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பது வேறு, 'துடைக்கலாம்' என்று ஓரத்தில் எழுதி வைப்பது வேறு இல்லையா? (புதிய எஸ்எஸ்டி வட்டுகளில் இந்தச் சலுகையை நம்ப வேண்டாம். காலியான இடத்தை அவை விரைவில் தாமே துடைத்துவிடக்கூடும்.)

மாலையில் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இயக்கினேன். அது கோப்பின் பெயரைத் தேடுவதில்லை, தொடக்க அடையாளத்தைத் தேடும். ஜேபெக் படம் 255, 216 என்ற எண்களில் தொடங்கும். என் அட்டவணைக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அது 'பிகே' என்று தொடங்கும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. மீட்டவற்றை அதே பென் டிரைவில் போடாமல் கணினியில் போடச் சொன்னேன். வந்தவை எல்லாம் பெயரில்லாத, எண் மட்டும் உள்ள கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்தால் பழைய வினாத்தாள், ஆண்டு விழாப் படம், யாருக்கோ எழுதிய விடுப்புக் கடிதம்! இரவு பத்து மணி வாக்கில் '9ஆ' கிடைத்தது. ஆனால் பழைய பதிப்பு. கடைசி வளரறி மதிப்பீட்டுக்கான கட்டம் முழுவதும் காலி.

உண்மையைச் சொல்கிறேன், கை துறுதுறுத்தது. யார் எவ்வளவு எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? உத்தேசமாக நிரப்பினால் யார் கேட்கப் போகிறார்கள்? மறுநாள் வகுப்பில் நடந்ததைச் சொல்லி, விடைத்தாள்களைக் கேட்டேன். மூன்று பேர் தவிர எல்லோரும் கொண்டுவந்தார்கள். எப்போதும் பின்தங்கும் பையன் என்று நான் நினைத்திருந்தவனின் தாளில் பதினேழு இருந்தது. என் உத்தேசம் பத்தைத் தாண்டியிருக்காது. அந்த மூவருக்கும் மறுபடி தேர்வு வைத்தேன்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1998இல் பிக்சாரில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகும்போது, தவறான ஓர் அழிப்புக் கட்டளை படக் கோப்புகளை விழுங்கிவிட்டது. காப்பு நகலும் சரியாக இல்லை. குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சூஸ்மேனின் கணினியில் இருந்த நகல்தான் கைகொடுத்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்களாம்.

இப்போது நான் 'சிபி'க்குப் பின் ஒரு சிறுகோடும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தே அடிக்கிறேன். மேலெழுதும் முன் அது கேட்கும். அடுத்த முறை ஆளுக்கொரு பழைய பென் டிரைவ் கொண்டுவாருங்கள். வேண்டாத ஒரு கோப்பை அழித்து, மீட்டுப் பார்ப்போம்.