எல்லா உயிரணுக்களும் மீண்டும் உருவாவதில்லை



காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், சில நாள்களில் காயம் ஆறிவிடுகிறது. பக்கவாதம் வந்தவருக்கோ கை கால் தேற மாதக்கணக்காகிறது. சிலருக்கு முழுமையாகத் தேறுவதே இல்லை. ஏன் இந்த வேறுபாடு?

நம் உடல் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றும் தன் வேலைக்கு ஏற்ற வடிவம் கொண்டது. ரத்தச் சிவப்பணு, இருபுறமும் நடுவில் குழிந்த சிறு தட்டு போன்றது. அது மிகக் குறுகிய ரத்த நாளத்திலும் வளைந்து நுழைந்து உயிர்வாயுவைக் கொண்டுசேர்க்கும். நரம்பணு நீண்ட கம்பி போன்றது. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம்வரை செல்லும் நரம்பிழை ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் இருக்கும்.

சிவப்பணு சுமார் 120 நாள் உழைத்து மடிகிறது. அதனால் தன்னைப்போல் இன்னொன்றை உருவாக்க முடியாது. அந்தக் குறையைத் தீர்ப்பவை எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல உயிரணுக்கள். ‘ஸ்டெம் செல்’ என்பது இவற்றைத்தான். தேவைப்படும்போது இவை பிரிந்து புதிய அணுக்களைத் தருகின்றன. தோலிலும் குடலிலும் இத்தகைய மூல உயிரணுக்கள் உண்டு. விரல் காயம் ஆறுவது அதனால்தான்.

மூளைக்கும் இதயத் தசைக்கும் இந்த ஆற்றல் மிகமிகக் குறைவு. மாரடைப்பில் மடிந்த தசையின் இடத்தில் தழும்புதான் உண்டாகிறது.

சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மூல உயிரணு மாற்றுச் சிகிச்சை பல ஆண்டுகளாக அளிக்கப்படுகிறது. ஆனால், பக்கவாதத்தில் இழந்த மூளை அணுக்களைத் திருப்பித் தரும் சிகிச்சை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ‘ஊசி போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேளுங்கள்.

ஆகவே, இருக்கும் அணுக்களைக் காப்பதே வழி. முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், நெஞ்சை அழுத்துவதுபோல் வலித்தாலும் உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள்.

தைலம் தேய்த்துப் படுத்துப் பார்க்கலாம், மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சற்று நேரத்தில் அறிகுறி மறைந்துவிட்டாலும் அழையுங்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். நீங்கள் நலமாக இருப்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.