பழைய வண்டியும் பெட்ரோல் கணக்கும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த மறுகணமே அவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது?" என்பதே அது. மைல் என்னும் அளவு நம் நாட்டுச் சாலைகளை விட்டு மறைந்து பல காலம் ஆகியும், அதன் பெயர் மட்டும் கிலோமீட்டரின் முதுகில் ஏறிச் சவாரி செய்து கொண்டிருக்கிறது. அது போகட்டும். பழைய சிறிய கார் ஒன்று, முன்பு கொடுத்ததைவிட மிகக் குறைவாகக் கொடுக்கத் தொடங்கினால், அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மாணவ மாணவியராகிய உங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் பெரும்பாலோரிடம் கார் இராது. ஆனால் பௌதிக வகுப்பில் நீங்கள் படிக்கும் உராய்வு, இயக்க ஆற்றல், வெப்பம் ஆகிய எல்லாம் ஒரு பழைய காரின் வயிற்றுக்குள் குடியிருக்கின்றன. அதோடு, அறிவியல் முறை என்று நாம் சொல்லும் அந்தச் சிந்தனை ஒழுங்கு ஒரு குடும்பத்தின் பணத்தை எவ்வாறு காப்பாற்றும் என்பதற்கும் இது நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் அளவு. வண்டி குறைவாகக் கொடுக்கிறது என்பது வெறும் எண்ணமா, உண்மையா? டேங்கை விளிம்பு வரை நிரப்பிக் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின், அதே பங்கில், அதே குழாயில், மீண்டும் நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். ஒரு முறை அளந்தால் போதாது. மூன்று முறையாவது அளந்து சராசரி காண வேண்டும். ஏனெனில் நிரப்பும்போது அரை லிட்டர் கூடக் குறைய ஆகிவிடுவது இயல்பு. தூரம் காட்டும் கருவியையும் சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. வண்டிக்கு உரிய அளவினும் பெரிய டயர் போட்டிருந்தால், கருவி உண்மையைவிடக் குறைந்த தூரத்தையே காட்டும். அப்போது குற்றம் எஞ்சினில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

அடுத்து, பெட்ரோல் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரங்களைச் சென்று சேர்கிறது. மற்றவை ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகின்றன. சக்கரத்தை அடைந்த அந்தச் சிறு பங்கும் மூன்று வழிகளில் செலவாகிறது: டயரும் அச்சும் உருள்வதற்கு ஆகும் செலவு ஒன்று, எதிர்க்காற்றைத் தள்ளுவதற்கு ஆகும் செலவு இரண்டு, வேகம் எடுத்தபின் பிரேக்கை மிதித்து நாமே வீணாக்கும் செலவு மூன்று.

இந்த மூன்றாவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளிவந்து, 2014-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 காரை உங்கள் பெற்றோர் நன்கு அறிவார்கள். மூன்று சிலிண்டரும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறிய எஞ்சின் அதற்கு. அத்தகைய கார் ஒன்று, ஆட்களையும் சேர்த்து 800 கிலோ எடையோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாக வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம் ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அத்தனையும் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். எஞ்சின் நான்கில் ஒரு பங்கையே பயன்படுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவ்வாறு ஒரு முறை நிறுத்துவதன் விலை ஏறக்குறைய 14 மில்லி லிட்டர் பெட்ரோல். எழுபது முறை நிறுத்தினால் ஒரு லிட்டர் காலி!

இனி ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைப்பவர். நாள்தோறும் விடியற்காலையில் ஒரு பழைய சிறிய காரில் மாவுப் பாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு இருபது கடைகளுக்குச் செல்வார். மாதம் 1500 கிலோமீட்டர் ஓட்டம். பல ஆண்டுகளுக்கு முன் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது 11-ஐத் தாண்டவில்லை. கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 43 லிட்டர் கூடுதல் செலவு; லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 4,300 ரூபாய். ஒரு பட்டறைக்காரர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அது கறுத்திருந்தது. "எஞ்சின் தேய்ந்துவிட்டது, பிரித்து வேலை செய்ய முப்பதாயிரம் ஆகும்" என்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணம் ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. அதைத் தொடுவதற்கு முன் என்னிடம் வந்து கேட்டார்.

வைத்தியனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கே இயந்திரத்துக்கும் பொருந்தும் என்று நான் நம்புகிறவன். ஆகவே முதலில் மூன்று முறை அளந்தோம். சராசரி 11 என்பது உறுதியாயிற்று.

பின்னர் எஞ்சின் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். பிளக்கின் நுனி எஞ்சினின் நாக்கைப் போன்றது. வெளிர் பழுப்பு நிறமாக இருந்தால் உடல்நலம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையங்களோ வால்வு அடைப்புகளோ தேய்ந்து எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது என்று பொருள். உலர்ந்த கரியாகப் படிந்திருந்தால் காற்றைவிடப் பெட்ரோல் மிகுதியாகச் சேர்கிறது என்று பொருள். இந்த வண்டியின் பிளக்கில் இருந்தது உலர்ந்த கரி. சிலிண்டர்களின் அழுத்தத்தைக் கருவி வைத்து அளந்தபோது, எல்லாம் கிட்டத்தட்டச் சமமாகவும் போதிய அளவிலும் இருந்தன. சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. ஆகவே முப்பதாயிரம் ரூபாய்ச் செலவுக்கு இங்கே இடமில்லை என்பது தெளிவாயிற்று.

அடுத்து டயர். காற்று 30 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தது. நிரப்பினோம். ஆனால் இதனால் பெரும் பயன் விளையும் என்று எதிர்பார்க்கவில்லை. டயர்களின் சராசரி அழுத்தம் ஒரு பவுண்டு குறைந்தால் பெட்ரோல் பயன் சுமார் 0.2 சதவீதமே குறையும் என்று அமெரிக்க அரசின் வழிகாட்டி கூறுகிறது. ஆறு பவுண்டுக்கு ஒன்றேகால் சதவீதம் கூட வராது. நம் வண்டி இழந்ததோ முப்பது சதவீதத்துக்கும் மேல். சிறு திருடன்மீது பெருங்கொள்ளைக் குற்றத்தைச் சுமத்தலாகாது அல்லவா?

பின்பு, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் புறவழிச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டு சென்று பார்த்தோம். தொட வேண்டியதில்லை, தொட்டால் சுட்டுவிடக் கூடும். மூன்று சக்கரங்கள் குளிர்ந்திருந்தன. பின்பக்கத்து இடது சக்கரம் மட்டும் அடுப்பைப் போல் காந்தியது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால், கையை எடுத்ததும் அது நின்றுவிட்டது. நாளைக்கு இருபது கடை. ஒவ்வொரு கடையிலும் ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறார். அதன் கேபிள் துருப்பிடித்து, விட்டபின்பும் முழுவதும் தளராமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிளை மாற்றிப் பிரேக்கைச் சுத்தம் செய்தோம். அவர் உடனே அடுத்த வேலைக்குப் போகலாம் என்றார். நான் தடுத்து, மீண்டும் இருமுறை அளக்கச் சொன்னேன். 13 கிடைத்தது. ஒரே நாளில் நான்கு பொருள்களை மாற்றினால், குணம் தந்தது எது என்று ஒருபோதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும்; மாற்றியபின் அளக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் வற்புறுத்தும் விதியும் இதுவே.

ஆனால் பிளக்கின் கரிக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிவதற்குச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பெட்ரோலைச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். கார்ப்பரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் இதைச் செய்வது சோக். அது திறக்காமல் மாட்டிக்கொண்டால் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். பெட்ரோலை ஊசி வழியே தெளிக்கும் பிந்திய வண்டிகளில் ஒரு சிறிய கணினி இந்த வேலையைச் செய்கிறது. எஞ்சின் சூடாகவில்லை என்று அது எண்ணிக்கொண்டிருக்கும் வரை தாராளமாக வழங்கும். புகைவழியில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் கெட்டிருந்தாலும், அதற்கு முன்பாகக் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும், கணினி ஏமாந்துபோய் மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றக் கூடும்.

நம் அன்பரின் வண்டி ஊசித் தெளிப்பு வகையைச் சேர்ந்தது. அதன் வெப்பமானியைக் கவனித்தோம். அரை மணி நேரம் ஓடியும் முள் பாதிக்கு ஏறவில்லை. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் குழாய் தொடக்கத்திலிருந்தே வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தது. உண்மையில் அது சிறிது நேரம் குளிர்ந்திருந்து, பிறகு திடீரெனச் சுட வேண்டும். தண்ணீர் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி வரை சூடான பின்பே வழி திறக்கும் தெர்மோஸ்டாட் என்னும் கதவு அங்கே இருக்கிறது. திறந்து பார்த்தால் கதவையே காணோம்! நம் ஊர் வெயிலுக்கு எஞ்சின் கொதித்துவிடும் என்று அஞ்சி, எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். வெயில் மிகுந்த ஊர்களில் இவ்வாறு செய்வது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. கடைக்குக் கடை நின்று நின்று செல்லும் எஞ்சின், விடியற்காலைக் குளிரில் ஒருநாளும் உரிய சூட்டை எட்டாமலே உழைத்து வந்தது. புதிய தெர்மோஸ்டாட் போட்டோம். மீண்டும் அளந்தோம். பதினான்கரை.

16 வரவில்லையே என்று அன்பர் கேட்டார். அதற்கும் கணக்கு உண்டு. இப்போது நம் நாட்டுப் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த அளவை நாடு எட்டியது 2025-ஆம் ஆண்டில். எத்தனாலின் லிட்டர் ஒன்றில் உள்ள ஆற்றல் சுமார் 2 கோடியே 10 லட்சம் ஜூல்தான். ஐந்தில் ஒரு பங்கு அதுவானால், கலவையின் ஆற்றல் ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது. பதினாறில் 7 சதவீதத்தைக் கழித்தால் 15-க்குச் சற்றுக் குறைவு. ஆக, மிச்சமிருந்த குறையில் பெரும்பகுதி வண்டியின் குறையன்று, எரிபொருளின் இயல்பு. இதை அறியாதவர், இல்லாத நோய்க்கு மருந்து தேடிக் கொண்டே இருப்பார். பழைய ரப்பர்க் குழாய்கள் சில எத்தனாலைத் தாங்கா என்பதால், கசிவு உண்டா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னேன்.

இங்கே பலர் முதலில் சொல்லும் யோசனை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். "ஏர் ஃபில்டரை மாற்று, மைலேஜ் ஏறும்" என்பார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ஆம் ஆண்டு இதைச் சோதித்தது. ஊசித் தெளிப்பு வண்டிகளில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் வேகம் எடுக்கும் திறன் குறைகிறதே தவிர, பெட்ரோல் செலவு குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை என்று கண்டது. ஏனெனில் காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. கார்ப்பரேட்டர் வண்டிக்கோ பழைய அறிவுரை ஓரளவு பொருந்தும். ஒரு காலத்தில் உண்மையாக இருந்த யோசனை, இயந்திரம் மாறியபின்பும் வாய்வழியாக வாழ்ந்துகொண்டிருக்கிறது.

கேபிளும் தெர்மோஸ்டாட்டும் கூலியும் சேர்ந்து, இரண்டு மாதம் வீணான பெட்ரோலின் விலையைக்கூட எட்டவில்லை. கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. அன்பரோ இப்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதுகிறார். அந்த நோட்டு இருக்கும்வரை அடுத்த கோளாறு முப்பது சதவீதமாக வளரும் முன்பே பிடிபட்டுவிடும்.

இளைஞர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழைய ஸ்கூட்டர் ஒன்றாவது இருக்கும். அடுத்த முறை அதற்குப் பெட்ரோல் போடும்போது நீங்களும் ஒரு நோட்டைத் தொடங்குங்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பென்சிலும், வகுத்தல் கணக்கும், மாதம் முழுவதும் விடாமல் எழுதும் பொறுமையும் இருந்தால் போதும்.